லிங்கன் எம்.பி.யா இருந்த ரெண்டு வருஷம்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஏதோ ஒரு பதிலுக்கு நடுவுல, "ஆபிரகாம் லிங்கன் ஜனாதிபதி ஆகுறதுக்கு முன்னாடி வாஷிங்டன்ல பதவியில இருந்தது ஒரே ஒரு தடவை, ரெண்டே வருஷம், சாதாரண எம்.பி.யா"ன்னு ஒரு வரி எழுதிட்டுப் போயிட்டேன். அதைப் பிடிச்சுக்கிட்டு வந்த கேள்விகளே இந்தத் தடவை பக்கத்தை நிரப்பிடுச்சு, அதனால சினிமா, கிரிக்கெட் கேட்டவங்க எல்லாம் அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

கே: லிங்கன் வாழ்க்கையே தோல்வி மேல தோல்விதான், கடைசியில ஜனாதிபதி ஆனாருன்னு வருஷ வாரியா ஒரு லிஸ்ட் வாட்ஸ்அப்ல வருதே. நான் வகுப்புலயே அதைச் சொல்லியிருக்கேன். நீங்க எம்.பி.ங்கிறீங்க?
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

ப: ஐயா, அந்த லிஸ்ட்ல இருக்கிற தோல்விகள்ல பாதிக்கு மேல நிஜம்தான், பிரச்சனை அதுல இல்ல, ஜெயிச்சதை எல்லாம் வசதியா விட்டுட்டாங்க, அதுதான் பிரச்சனை. 1832ல இல்லினாய் மாநில சட்டசபைக்கு நின்னு தோத்தாரு, 13 பேர் நின்னதுல எட்டாவது இடம், சரி. ஆனா அவரு குடியிருந்த நியூ சேலம்ங்கிற குட்டி ஊர்ல விழுந்த 300 ஓட்டுல 277 அவருக்குத்தான். அப்போ வயசு 23. அடுத்து 1834, 1836, 1838, 1840ன்னு வரிசையா நாலு தடவை ஜெயிச்சு எம்.எல்.ஏ.வா இருந்திருக்காரு, 1846ல எம்.பி. தேர்தல்ல 6,340 ஓட்டு வாங்கி, 4,829 வாங்கின எதிராளியைத் தோக்கடிச்சிருக்காரு. எதிராளியும் லேசுப்பட்ட ஆள் இல்ல, பீட்டர் கார்ட்ரைட்னு ஊர் ஊரா போய் பிரசங்கம் பண்ற பிரபல மெதடிஸ்ட் போதகர்.

இன்னொன்னு, 1856ல துணை ஜனாதிபதி வேட்பாளரா நின்னு தோத்தாருன்னு அதுல ஒரு வரி வரும். அவரு வேட்பாளரைத் தேர்ந்தெடுத்த அந்தக் கட்சி மாநாட்டுக்கே போகல, தெரிஞ்சவங்க பேரை முன்மொழிஞ்சாங்க, 110 ஓட்டு விழுந்துச்சு, அவ்வளவுதான். கூப்பிடாமலே 110 பேர் கை தூக்கினதை தோல்விக் கணக்குல எழுதுறது என்ன நியாயம்? பிள்ளைங்களுக்கு தைரியம் சொல்றதுக்கு தாராளமா லிங்கனைச் சொல்லுங்க, ஆனா இருபது வருஷத்துக்கு மேல கட்சி வேலை பார்த்து, ஓட்டுக் கணக்கு போட்டு, கோர்ட்ல நின்னு சம்பாதிச்ச ஒரு ஆளு, திடீர்னு ஒருநாள் அதிர்ஷ்டம் அடிச்சு மேல போயிட்ட மாதிரி சொல்லாதீங்க.

கே: சார், அவரு எந்த லா காலேஜ்ல படிச்சாரு? சின்ன ஊர்ல பிராக்டிஸ் பண்ணி அவ்வளவு பெரிய ஆளா வர முடிஞ்சது எப்படி?
சட்டக் கல்லூரி மாணவி

ப: எந்தக் காலேஜும் இல்லம்மா. மொத்தப் பள்ளிக்கூடப் படிப்பையும் கூட்டினா ஒரு வருஷம் தேறாதுன்னு அவரே எழுதி வச்சிருக்காரு. நியூ சேலத்துல போஸ்ட் மாஸ்டர் வேலை, நிலம் அளக்குற வேலைன்னு பார்த்துக்கிட்டே, ஜான் ஸ்டூவர்ட்னு ஒரு வக்கீல்கிட்ட புக்கு கடன் வாங்கி தானாவே படிச்சாரு. அந்தக் காலத்துல அங்க இது ஒண்ணும் அதிசயம் இல்ல, பெரும்பாலான வக்கீலுங்க அப்படி வந்தவங்கதான். 1836ல லைசென்ஸ் கிடைச்சது, 1837 ஏப்ரல்ல ஸ்பிரிங்ஃபீல்டுக்கு குடி வந்து அதே ஸ்டூவர்ட்டோட பார்ட்னரா சேர்ந்தாரு.

இங்க ஒரு விஷயம் கவனி. ஸ்பிரிங்ஃபீல்டு அப்போ ஆயிரத்து சொச்சம் பேர் இருந்த சேறும் சகதியுமான ஊர், மாநிலத் தலைநகரம் வண்டாலியாவுல இருந்துச்சு. அதை ஸ்பிரிங்ஃபீல்டுக்கு மாத்தணும்னு சட்டசபையில முன்னாடி நின்னு காரியத்தை முடிச்ச கூட்டத்துல லிங்கன் முக்கியமான ஆளு, அந்த மாவட்டத்துல இருந்து போன ஒன்பது பேரும் நெட்டையா இருந்ததால அவங்களுக்கு நெட்டை ஒன்பது பேர்னே பேரு. தலைநகரம் வந்தா மாநில சுப்ரீம் கோர்ட் வரும், ஃபெடரல் கோர்ட் வரும், அப்போ வக்கீலுக்கு வேலை எங்க இருக்கும்? முடிவு வந்த கொஞ்ச நாள்லயே ஐயா அங்க குடி வந்துட்டாரு. இதுல தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா ஒண்ணும் தெரியாத கிராமத்து வெகுளின்னு நினைச்சுக்கிட்டு இருக்கிறவங்களுக்காகச் சொல்றேன்.

ஸ்டூவர்ட்டுக்கு அப்புறம் ஸ்டீஃபன் லோகன்னு கறாரான ஒரு சீனியர்கிட்ட மூணு வருஷம், மனு எழுதுறதுல இருந்து கேஸ் தயார் பண்றது வரைக்கும் ஒழுங்கா பழகினது அங்கதான்னு சொல்லுவாங்க. 1844ல தனியா வந்து, தன்னை விட ஒன்பது வயசு சின்னவரான வில்லியம் ஹெர்ன்டனைக் கூட்டு சேர்த்துக்கிட்டாரு, வர்ற ஃபீஸ் ஆளுக்குப் பாதி. சீனியர் ஜூனியர் கணக்கெல்லாம் கிடையாது, சரிபாதி, உங்க சீனியர்கிட்ட இதைச் சொல்லிப் பாருங்க, என்ன சொல்றாருன்னு எனக்கு எழுதுங்க. ஆஃபீஸ் மட்டும் குப்பை. முக்கியமான பேப்பரை எல்லாம் தொப்பிக்குள்ள வச்சுக்கிட்டு சுத்துவாரு, ஒரு கட்டு மேல "வேற எங்கயும் கிடைக்கலன்னா இதுல தேடு"ன்னு எழுதியே வச்சிருந்தாராம்.

கே: எம்.பி. சீட் எப்படி கிடைச்சது? அப்பவும் பணம்தானா?
பேர் போட வேண்டாம்னு கேட்ட கட்சிக்காரர்

ப: பணம் இல்ல, முறை வச்சுக்கிட்டாங்க. ஸ்பிரிங்ஃபீல்டு இருந்த ஏழாவது தொகுதியிலதான் லிங்கன் அப்போ இருந்த விக் கட்சிக்குக் கொஞ்சம் பலம், மாநிலம் முழுக்க இருந்த ஏழு தொகுதியில மீதி ஆறும் எதிர்க்கட்சியான டெமாக்ரட்ஸ் கையில. அதனால இந்த ஒரு சீட்டுக்கு கட்சிக்குள்ள அடிதடி. ஹார்டின், பேக்கர், லிங்கன்னு மூணு பேரு, மூணு பேருமே வக்கீல். 1843ல ஹார்டின், 1844ல பேக்கர், அடுத்து என் முறைன்னு லிங்கன் விடாம லெட்டர் எழுதி, ஊர் ஊரா ஆளைப் பிடிச்சு, மறுபடி நிக்கப் பார்த்த ஹார்டினை ஒதுங்க வச்சாரு. 1846ல ஜெயிச்சும் அன்னைக்கு இருந்த முறைப்படி சபை கூடினது 1847 டிசம்பர்லதான், பதினாறு மாசம் சும்மா இருந்து கேஸ் நடத்தினாரு. இதுல போட்டிக்காரர் பேக்கர் மேல எவ்வளவு பாசம்னா ரெண்டாவது பையனுக்கு எட்வர்டு பேக்கர்னே பேர் வச்சாரு. நம்ம ஊர்ல சீட்டுக்கு சண்டை போட்டவன் பேரை யாரு வைப்பா?

கே: அங்க போய் என்னதான் பண்ணாரு? கேள்வி ஏதாவது கேட்டாரா, இல்ல பெஞ்சைத் தேய்ச்சாரா?
தினமும் சட்டசபைச் செய்தி படிக்கும் வாசகர்

ப: கேட்டாரு, கேட்டுத்தான் மாட்டிக்கிட்டாரு.

முதல் பேச்சு தபால் சம்பந்தமான ஏதோ ஒரு சின்ன விஷயம், தபால் கமிட்டியில போட்டிருந்தாங்க, பழைய போஸ்ட் மாஸ்டர் ஆச்சே. பேசி முடிச்சு ஹெர்ன்டனுக்கு லெட்டர் எழுதினப்போ, கோர்ட்ல பேசுறப்போ எவ்வளவு உதறுமோ அவ்வளவுதான் இங்கயும் உதறுச்சு, கூடவும் இல்ல குறையவும் இல்லங்கிற மாதிரி எழுதியிருந்தாரு. எனக்கு லிங்கனைப் பிடிச்சதே இந்த மாதிரி வரிகளாலதான்.

ஆனா அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே, 1847 டிசம்பர் 22ல ஒரு தீர்மானம் கொடுத்திருந்தாரு. மெக்சிகோவோட சண்டை நடந்துக்கிட்டிருந்த நேரம். ஜனாதிபதி போல்க், மெக்சிகோக்காரன் நம்ம மண்ணுல வந்து நம்ம ஆளுங்க ரத்தத்தைச் சிந்திட்டான், அதனாலதான் சண்டைன்னு சொல்லியிருந்தாரு. லிங்கன் எழுந்து, சரி, எந்த இடத்துல சிந்தினாங்க, அந்த இடத்தைக் காட்டுங்க, அது நம்ம மண்ணுதானா, இல்ல அங்க இருந்த ஜனங்க நம்ம படையைப் பார்த்து வீடு வாசலை விட்டு ஓடிப்போனாங்களான்னு எட்டு கேள்வி கேட்டாரு. பாருங்க, இது அரசியல் பேச்சே இல்ல, கூண்டுல நிக்கிற சாட்சியை குறுக்கு விசாரணை பண்ற அதே முறை, சம்பவம் நடந்த இடம் எது, அந்த நிலம் யார் அனுபவத்துல இருந்துச்சு, நீ எப்படி அங்க போனே. நிலத் தகராறு கேஸ் நடத்தின வக்கீலுக்கு வேற எப்படி யோசிக்கத் தெரியும்? 1848 ஜனவரி 3ல அந்தச் சண்டை தேவையில்லாம, அரசியல் சட்டத்துக்கு விரோதமா ஜனாதிபதி ஆரம்பிச்சதுன்னு ஒரு திருத்தம் வந்து 85க்கு 81ன்னு நிறைவேறினப்போ அதுக்கும் ஆதரவா ஓட்டு போட்டாரு. ஆனா படைக்கு சாப்பாடு, சம்பளம், துப்பாக்கிக்கான நிதின்னா அதுக்கும் ஆதரவுதான், அதை நிறுத்தல.

போல்க் பதிலே சொல்லல, சபையும் தீர்மானத்தைக் கண்டுக்கல. ஊர்லதான் தீப்பிடிச்சது. இல்லினாய்ல இருந்து ஆயிரக்கணக்கான பசங்க சண்டைக்குப் போயிருக்காங்க, சீட்டுல முன்னாடி போட்டி போட்ட அந்த ஹார்டினே அங்க போய்ச் செத்திருக்காரு, இந்த நேரத்துல நம்ம எம்.பி. எந்த இடம் எந்த இடம்னு கேக்குறாரேன்னு எதிர்க்கட்சிப் பத்திரிகைங்க "இடம் லிங்கன்"ங்கிற மாதிரி பட்டப்பேர் வச்சு கிழிச்சாங்க. பார்ட்னர் ஹெர்ன்டனே தப்பு பண்றீங்கன்னு எழுதினாரு. அதுக்கு லிங்கன் எழுதின பதில்தான் அந்த ரெண்டு வருஷத்துலயே உருப்படியானதுன்னு நான் சொல்லுவேன். ஆபத்து வருதுன்னு ஜனாதிபதி நினைச்சாலே பக்கத்து நாட்டு மேல படை எடுக்கலாம்னு விட்டுட்டா, அப்புறம் அவரை எங்க நிறுத்துவே, ராஜாக்கள் சண்டை சண்டைன்னு ஜனங்களை ஓட்டாண்டி ஆக்கினாங்கன்னுதானே அந்த அதிகாரத்தை ஒத்தை ஆள் கையில குடுக்காம வச்சாங்கன்னு கேட்டாரு. இதே ஆள் பின்னாடி ஜனாதிபதி நாற்காலியில உக்காந்து, உள்நாட்டுப் போர்ல காங்கிரஸை, அதாவது அந்த நாட்டு பார்லிமெண்ட்டைக் கேக்காமலே படை திரட்டினாரு, ஆட்கொணர்வு மனு உரிமையை நிறுத்தி வச்சாருங்கிறதையும் சேர்த்துதான் படிக்கணும்.

அடுத்த தேர்தல்ல அவரு நிக்கல, முறைப்படி அடுத்த ஆளுக்கு விட்டுட்டாரு. நின்னது பழைய சீனியர் லோகன், கொஞ்ச ஓட்டுல மெக்சிகோ சண்டையில இருந்து வந்த ஒரு டெமாக்ரட்கிட்ட தோத்தாரு. பழி யார் மேல விழுந்திருக்கும்னு நான் சொல்லவே வேண்டாம். வேடிக்கை என்னன்னா, அதே 1848ல லிங்கன் மாசச்சூசெட்ஸ் வரைக்கும் போய்ப் பிரசாரம் பண்ணது ஜெனரல் சக்கரி டெய்லருக்கு. டெய்லர் யாருன்னா, அதே மெக்சிகோ சண்டையோட ஹீரோ. கட்சி அரசியல்னா அப்படித்தான்.

கே: அடிமைகளை விடுவிச்சவர்தானே. எம்.பி.யா இருந்தப்போ அதுக்கு ஏதாவது பண்ணாரா?
கல்லூரி மாணவர்

ப: தம்பி, இதுக்கு முதல்ல ஒரு கசப்பான விஷயம் சொல்லணும். வாஷிங்டனுக்குக் கிளம்புறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி, 1847 அக்டோபர்ல, மேட்சன்னு ஒரு அடிமை முதலாளிக்காக லிங்கன் ஆஜராகியிருக்காரு. அடிமை முறை இல்லாத இல்லினாய் மண்ணுல கொண்டு வந்து வேலை வாங்கின ஜேன் பிரையன்ட்ங்கிற அம்மாவையும் நாலு பிள்ளைங்களையும் திரும்பத் தனக்கே கொடுக்கணும்னு அந்த ஆளு கேட்டான். லிங்கன் அந்தக் கேஸ்ல தோத்தாரு, அந்த அம்மாவும் பிள்ளைங்களும் விடுதலை ஆனாங்க. ஆறு வருஷம் முன்னாடி, 1841ல, நான்ஸ்ங்கிற கறுப்பினப் பெண்ணை விற்ற விற்பனை செல்லாதுன்னு மாநில சுப்ரீம் கோர்ட்ல வாதாடி ஜெயிச்சவரும் இவரேதான். வக்கீல்னா வந்த கட்சிக்காரனுக்கு வாதாடணும்னு சிலர் சமாதானம் சொல்லுவாங்க. எனக்கு அது போதல, மேட்சன் கேஸ்னு வந்தா வெறுமனே தொழில் தர்மம்னு தள்ளிட்டுப் போக முடியல.

வாஷிங்டன்ல அவரு தங்கினது மிசஸ் ஸ்பிரிக்னு ஒரு அம்மா நடத்தின போர்டிங் ஹவுஸ், சபை கூடுற கேப்பிடல் கட்டடத்துக்கு எதிர்லயே, இப்போ காங்கிரஸ் நூலகம் இருக்கிற இடம். அடிமை முறையைக் கடுமையா எதிர்த்த கிடிங்ஸ் மாதிரி எம்.பி.ங்க கூட ஒரே டேபிள்ல சாப்பாடு. 1848 ஜனவரியில அந்த வீட்டுலயே பரிமாறிக்கிட்டிருந்த ஒரு கறுப்பினத்தவரை, தன் விலையைத் தானே கட்டி விடுதலை வாங்க கொஞ்சம்தான் பாக்கி இருந்தப்போ, ஆளுங்க வந்து வீட்டுக்குள்ள புகுந்து கட்டி இழுத்துட்டுப் போனாங்க. கேப்பிடல் ஜன்னல்ல நின்னு பார்த்தாலே, குதிரைக் கொட்டடி மாதிரி மனுஷங்களை அடைச்சு வச்சு தெற்கு மாநிலச் சந்தைக்கு ஓட்டிக்கிட்டுப் போற இடம் தெரியும்னு அவரே பின்னாடி ஒரு பேச்சுல சொல்லியிருக்காரு.

1849 ஜனவரியில தலைநகரப் பகுதியில மட்டும் அடிமை முறையை ஒழிக்க ஒரு திட்டம் படிச்சாரு. 1850ல இருந்து பிறக்கிற குழந்தைங்க விடுதலை, மத்தவங்களை முதலாளி விருப்பப்பட்டு விட்டா அரசாங்கம் நஷ்ட ஈடு கொடுக்கும், அங்க இருக்கிற வெள்ளைக்கார ஆண்கள் ஓட்டு போட்டு சம்மதிக்கணும். தப்பி ஓடி வந்தவங்களைப் பிடிச்சுத் திருப்பிக் கொடுக்கணும்னும் ஒரு பிரிவு. எல்லாரையும் சமாதானப்படுத்தப் பார்த்து யாருக்கும் பிடிக்காமப் போச்சு, ஆதரிக்கிறேன்னவங்க எல்லாம் நழுவிட்டாங்க, மசோதாவா தாக்கல் பண்ணவே இல்ல. அந்தத் தப்பி ஓடினவங்க பிரிவுக்காக 1860ல கூட அடிமை ஒழிப்புக்காரங்க அவரைத் திட்டினாங்க, திட்டுனது சரின்னுதான் நான் நினைக்கிறேன். பதிமூணு வருஷம் கழிச்சு, 1862 ஏப்ரல்ல, அதே தலைநகரப் பகுதியில அடிமை முறையை நஷ்ட ஈட்டோட ஒழிச்ச சட்டத்துல கையெழுத்து போட்டது அவரேதான், இந்தத் தடவை ஓட்டெடுப்பு எல்லாம் இல்ல.

கே: எம்.பி. சம்பளம் எவ்வளவு?
வங்கி ஊழியர்

ப: சபை நடக்கிற நாளுக்கு 8 டாலர், போக்குவரத்துக்கு 20 மைலுக்கு 8 டாலர். எந்த வழியா போனாங்கன்னு யாரும் கேக்கலங்கிறதால சுத்துவழியில வந்து பில் போடுறது வழக்கம். மூணு மாசம் எம்.பி.யா வந்த பத்திரிகை ஆசிரியர் ஹோரஸ் கிரீலி, நேர்வழி எவ்வளவு, இவங்க வாங்கினது எவ்வளவுன்னு பேர் பேரா பேப்பர்ல போட்டுட்டாரு. அந்த லிஸ்ட்ல லிங்கன் பேரும் இருந்துச்சு.

கே: லிங்கன் ஜனாதிபதியா பதவியேற்றுப் பேசினப்போ, செருப்பு தைக்கிறவர் மகன்னு செனட்ல ஒருத்தர் கேலி பண்ணதா சொல்றதும், தன் மகனோட ஆசிரியருக்கு லிங்கன் எழுதினதா சொல்ற கடிதமும் நிஜமா?
நாலு பேர் கேட்டிருக்காங்க

ப: ரெண்டும் கதை. அப்பா தாமஸ் லிங்கன் விவசாயி, தச்சு வேலையும் பார்ப்பாரு. லிங்கன் பதவியேற்புப் பேச்சு நடந்தது கேப்பிடலுக்கு வெளியில, கூட்டத்துக்கு முன்னாடி, அங்க யாரும் எழுந்து குறுக்கே கேலி பண்ற மாதிரி சபையே கிடையாது. ஆசிரியர் கடிதம் அவரு எழுதினதா எந்தத் தொகுப்புலயும் இல்ல. நல்லா இருக்குன்னா படிங்க, பகிருங்க, அவரு பேரை மட்டும் எடுத்துட்டுப் பகிருங்க.

கே: பதவி போனதும் என்ன பண்ணாரு? அரசியலை விட்டுட்டாரா?
இளம் வழக்கறிஞர்

ப: விடணும்னு யாரு விடுவா? 1849 மார்ச்சுல பதவிக்காலம் முடிஞ்ச அதே வாரம் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்ல ஒரு கேஸ் வாதாடினாரு, நிலம் சம்பந்தமான வழக்கு, காலக்கெடு தாண்டிடுச்சா இல்லையாங்கிற சட்டப் பிரச்சனை. தோத்தாரு. தீர்ப்பு எழுதினவரு தலைமை நீதிபதி டேனி. அதே டேனிதான் 1857ல கறுப்பினத்தவர் குடிமக்களே ஆக முடியாதுன்னு டிரெட் ஸ்காட் தீர்ப்பு எழுதினது, அதே டேனிதான் 1861ல லிங்கனுக்குப் பதவிப் பிரமாணம் பண்ணி வச்சது.

அப்புறம் வாஷிங்டன்ல நில அலுவலகத் தலைமைப் பதவிக்கு விழுந்து விழுந்து முயற்சி பண்ணாரு, டெய்லருக்கு அவ்வளவு உழைச்சும் அது பட்டர்ஃபீல்டுங்கிறவருக்குப் போச்சு. ஆறுதலுக்கு தூரத்து ஓரிகான் பிரதேசத்து கவர்னர் வேலை தர்றேன்னாங்க, வேண்டாம்னுட்டாரு. அந்த நில அலுவலகம் கிடைச்சிருந்தா என்ன ஆகியிருப்பாருன்னு நினைச்சுப் பாருங்க, ஃபைல் பார்த்து ரிட்டயர் ஆயிருப்பாரு.

ஊருக்கு வந்து முன்னைவிட மும்முரமா பிராக்டிஸ். எட்டாவது சர்க்யூட்னு பதினாலு மாவட்டம் வரைக்கும் இருந்த பெரிய கோர்ட் வட்டாரம், வருஷத்துக்கு ரெண்டு தடவை ரெண்டு ரெண்டரை மாசம் ஜட்ஜ், வக்கீலுங்க எல்லாம் கூட்டமா வண்டியிலயும் குதிரையிலயும் ஊர் ஊரா போவாங்க, ஒரே சத்திரம், ஒரே கட்டில்ல ரெண்டு பேர். கேஸ் எல்லாம் கடன் பாக்கி, பன்னி திருட்டு, அவதூறு, பாகப்பிரிவினை. மத்தவங்க சனி ஞாயிறு வீட்டுக்கு ஓடிடுவாங்க, இவரு பெரும்பாலும் அங்கேயே உக்காந்து ஜனங்ககிட்ட கதை அளப்பாரு. என்னைக் கேட்டா, எம்.பி. பதவி கொடுக்காததை எல்லாம் இந்தச் சுத்தல்தான் கொடுத்துச்சு. ஒவ்வொரு ஊர்லயும் ஜூரியா உக்காந்தவன், சாட்சி சொன்னவன், வழக்குல எதிர்த்தரப்புக்காரன், கூடத் தங்கின வக்கீல் எல்லாரும் பழக்கம். அந்த சர்க்யூட் ஜட்ஜ் டேவிட் டேவிஸ்தான் 1860ல சிகாகோ மாநாட்டுல முன்னாடி நின்னு லிங்கனை ஜனாதிபதி வேட்பாளர் ஆக்கினது, 1862ல லிங்கன் அவரைச் சுப்ரீம் கோர்ட் நீதிபதி ஆக்கினாரு, கணக்கு நேராயிடுச்சு.

பணமும் வந்துச்சு. சாதாரண கேஸுக்கு 5 டாலர், 10 டாலர் வாங்கினவரு, இல்லினாய் சென்ட்ரல் ரயில்வேக்கு ஒரு வரி கேஸ் ஜெயிச்சுக் கொடுத்துட்டு 5,000 டாலர் கேட்டாரு. கம்பெனி இழுத்தடிச்சது, அந்தக் கம்பெனி மேலயே கேஸ் போட்டு 1857ல வாங்கினாரு. ஹெர்ன்டனுக்குப் பாதி போச்சு.

அரசியல் ஆர்வம் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு, 1854ல தான் திரும்ப எழுப்பி விட்டுச்சுன்னு அவரே எழுதியிருக்காரு. அந்த வருஷம் கான்சாஸ் நெப்ராஸ்கா சட்டம் வந்து, அடிமை முறை கூடாதுன்னு முப்பது வருஷத்துக்கு மேல ஒதுக்கி வச்சிருந்த பகுதிகளைத் திறந்து விட்டுடுச்சு. 1855ல செனட்டுக்கு நின்னாரு. அப்போ செனட்டரை ஜனங்க இல்ல, மாநில சட்டசபைதான் தேர்ந்தெடுக்கும், 1913 வரைக்கும் அப்படித்தான். முதல் சுற்றுல முன்னாடி இருந்தாரு, ஆனா அஞ்சு பேர், அதே சட்டத்தை எதிர்த்த டிரம்புல்ங்கிற வேட்பாளரை விட்டு நகரவே மாட்டேன்னு நின்னாங்க, எதிர் அணி ஜெயிச்சிடக் கூடாதுன்னு தன் ஆளுங்களையே டிரம்புல்லுக்குப் போடச் சொன்னாரு. 1858ல மறுபடி செனட்டுக்கு, எதிர் வேட்பாளர் டக்ளஸோட ஏழு ஊர்ல விவாதம், சட்டசபை ஓட்டு 54க்கு 46, டக்ளஸ் ஜெயிச்சாரு. இந்த ரெண்டும் நிஜத் தோல்விதான், வாட்ஸ்அப் லிஸ்ட் இதுல பொய் சொல்லல.

கே: ஜூனியர்களுக்கு லிங்கன் ஏதாவது சொல்லியிருக்காரா? நிஜமாவே அவர் சொன்னதா இருக்கணும்.
அதே சட்டக் கல்லூரி மாணவி

ப: கெட்டிக்காரி. பேசுறதுக்காக எழுதி வச்ச குறிப்பு ஒண்ணு இருக்கு. வழக்கு போடாம சமாதானம் ஆகச் சொல்லு, அப்படியும் வேலை தாராளமா இருக்கும்ங்கிறாரு. முழு ஃபீஸையும் முன்னாடியே வாங்காதே, வாங்கிட்டா கேஸ் மேல உனக்கே அக்கறை போயிடும்ங்கிறாரு. நேர்மையான வக்கீலா இருக்க முடியலன்னா வக்கீலா இல்லாம நேர்மையா இருன்னும் இருக்கு, அதைத்தான் எல்லாரும் போஸ்டர் போடுறாங்க. எனக்கென்னவோ அந்த ஃபீஸ் விஷயம்தான் அனுபவஸ்தன் பேச்சாத் தெரியுது.

கே: லிங்கன் பேர்ல ஒரு பேட்டன்ட் இருக்காமே?
பாலிடெக்னிக் மாணவர்

ப: இருக்கு. நம்பர் 6469, 1849 மே 22, எம்.பி. வேலை முடிஞ்ச கையோட வாங்கினது. ஆத்துல தரை தட்டின படகை, பக்கத்துல காத்துப்பை மாதிரி கட்டி ஊத வச்சு மேல தூக்குற ஏற்பாடு. பேட்டன்ட் வச்சிருந்த ஒரே அமெரிக்க ஜனாதிபதி அவருதான். மாடல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துல இருக்கு. யாரும் தயாரிச்சு விற்கல, அதுல ஒரு டாலர் கூட வரல தம்பி.